நாலாம் பெட்டி, மூணாம் கதவு

சேலத்திலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார்: 'மூன்று வாரமாக டோக்கியோ, டோக்கியோ என்று எழுதித் தள்ளுகிறீர்களே, எப்போது சார் ஊர் திரும்புவதாக உத்தேசம்?'

அன்பரே, திரும்பியாச்சு. மாம்பலத்தில் கொசு அடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இந்த வாரத்தோடு டோக்கியோ புராணம் சமாப்தி. மங்களம் பாடுவதற்கு முன், கடைசி நாலு நாள் கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன். அதில் ஒரு குடை வருகிறது.

வெளியூர்ப் பயணத்தின் கடைசி நாட்கள், பந்தல் பிரிக்கிற கல்யாண வீடு மாதிரி. முதல் வாரம் 'அம்மாடி, என்ன விலை!' என்று தொடாமல் வந்த சாமானெல்லாம் கடைசி வாரம் 'இவ்வளவு தூரம் வந்துட்டு இதுகூட வாங்கலேன்னா எப்படிங்க?' என்று பெட்டிக்குள் ஏறிவிடும்.

டோக்கியோவில் இதற்கென்றே நூறு யென் கடை இருக்கிறது. பெரும்பாலும் எதை எடுத்தாலும் நூறு யென், வரியோடு 110. நாங்கள் போன சமயத்தில் நம் பணத்துக்கு அறுபது, அறுபத்தைந்து ரூபாய். என் மனைவி அந்தக் கடைக்குக் கோயிலுக்குப் போவது போலத் தினமும் போய்வந்தாள். இஞ்சி துருவ ஒன்று, பூண்டு உரிக்க ஒன்று, முட்டையை வில்லை வில்லையாக நறுக்க ஒன்று. எங்கள் வீட்டில் முட்டை சாப்பிடுகிறவர் யாரும் கிடையாது என்று நினைவூட்டினேன். "உருளைக்கிழங்கு நறுக்கலாம்ல?" என்றாள். இப்படிப்பட்டவர்களோடு வாதாடித்தான் நான் முப்பத்தைந்து வருஷம் தள்ளியிருக்கிறேன்.

இந்தப் பாரம் தாங்காமல் ஒரு பெட்டிக்குச் சக்கரம் கழன்றது. "ராத்திரி தெருமுனையில வெச்சிட்டா யாராவது எடுத்துட்டுப் போறாங்க" என்று மனைவி சுலபமாக வழி சொன்னாள். என் மகள் அலறிவிட்டாள். அங்கே 30 சென்டிமீட்டருக்கு மேல் நீளமான சாமான் என்றால் அநேகமாக அது 'பெரிய குப்பை'. முன்கூட்டியே பதிவு செய்து, நாள் வாங்கி, கடையில் பணம் கட்டி ஸ்டிக்கர் வாங்கி ஒட்டி, சொன்ன தேதியில் காலையில் வைக்க வேண்டும். நம்மூரில் கல்யாணத்துக்கு நாள் குறிப்பதே இதைவிடச் சுலபம்.

மகள் இருப்பது நிஷிகசாயில். டோக்கியோவின் கிழக்கே, எடொகாவா வார்டில். 2000-ம் ஆண்டு பிறக்கும்போது கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிவிடும் என்று உலகமே பயந்ததே, அந்தச் சமயத்தில் நம் இன்ஜினீயர்கள் கும்பலாக ஜப்பானுக்குப் போனார்கள். நிஷிகசாயில் ரயில் ஏறினால் மாறாமல் ஓதெமாச்சியில், பெரிய பெரிய ஆபீஸ்கள் இருக்கிற இடத்தில், இறங்கலாம். அதனால் அங்கேயே குடியேறினார்கள். இன்று அங்கே தோசை மாவும் கிடைக்கிறது, கறிவேப்பிலையும் கிடைக்கிறது. மகள் போய் ஆறு வருஷம் ஆகிறது.

மூன்று வாரமாக என் மனைவி ஒரே ஒரு கேள்வியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு சுற்றினாள். 'எப்போடீ ஊருக்குத் திரும்பி வரப்போறே?' தினமும் ராத்திரி என்னிடம், "நாளைக்குக் கேட்டுடறேன்" என்பாள். மறுநாள் புத்தர் கோயிலோ பூங்காவோ குறுக்கே வந்துவிடும். கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம் அவளுக்கு. எனக்கும்தான்.

இனி குடை.

அது என் அப்பாவின் குடை. மாயவரத்துப் பக்கம் போஸ்ட் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தவர், 1968-ல் வாங்கியது. கறுப்புத் துணி, வளைந்த மரக்கைப்பிடி. துணி மூன்று தரம் மாற்றியாயிற்று, கம்பி இரண்டு தரம். கைப்பிடி மட்டும்தான் அசல். அதனாலென்ன, அது அப்பா குடைதான். ஒவ்வொரு தரம் துணி மாற்றும்போதும் உள்பக்கம் வெள்ளைப் பெயின்ட்டில் 'கு.ரா.' என்று தன் இனிஷியலை அப்பாவே எழுதுவார். கடைசியாக மாற்றியபோது நான் எழுதினேன். ஜூனில் ஜப்பானில் மழைக்காலம். 'பிளம் மழை' என்று அர்த்தம் வரும்படி பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே போய்க் குடை வாங்குவானேன் என்று இதையே எடுத்துப் போனேன்.

வியாழக்கிழமை ஷிபுயா போனோம். தகதனோபாபாவில் யமனோட்டே ரயிலில் ஏறினோம். இந்த ரயில் ஊரை வட்டமாகச் சுற்றுகிறது. 34.5 கிலோமீட்டர், 30 ஸ்டேஷன், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி. ஈரக் குடையை யார் மீதும் படாமல் சீட்டோரத்துக் கம்பியில் நாசூக்காக மாட்டினேன். ஷிபுயாவில் இறங்கியபோது வெயில். மழை நின்றால் குடை மறந்துபோகும். இது உலக நியதி.

ஷிபுயாவில் எல்லாரும் பார்க்கிற ஹச்சிகோ என்ற நாயின் சிலையைப் பார்த்தோம். விவசாயப் பேராசிரியர் ஒருவரை ஸ்டேஷனில் எதிர்கொண்டு அழைத்துவரும் நாய். 1925-ல் பேராசிரியர் வேலையிடத்திலேயே காலமாகிவிட்டார். நாய்க்கு யார் சொல்வது? 1935-ல் தான் சாகும்வரை ஏறக்குறைய பத்து வருஷம் அதே ஸ்டேஷனுக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்தது. 1934-ல் சிலை திறந்தபோது அதுவும் பக்கத்தில் இருந்ததாம். யுத்த காலத்தில் அந்தச் சிலையை உருக்கிவிட்டார்கள். இப்போது இருப்பது 1948-ல் வைத்தது.

மகள் இதையெல்லாம் சொல்லி முடித்தாள். என் மனைவி நாயின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பத்து வருஷமா? பாவம், அதுக்கு வாட்ஸப் இல்லை" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சமயம் பார்த்துத் தூறல் விழுந்தது. கையை நீட்டினேன். குடை இல்லை.

ஸ்டேஷன் ஆபீஸுக்கு ஓடினோம். தொப்பி வைத்த இளைஞர் ஒருவர் முதலில் குனிந்து வணங்கினார். தொலைத்தவன் நான், வருத்தப்படுகிறவர் அவர். எந்த ரயில், எந்தப் பெட்டி, எந்தக் கதவு என்று கேட்டார். "ஜன்னலோரம்" என்றேன். மகள் என்னைத் தள்ளிவிட்டு, "நாலாம் பெட்டி, மூணாம் கதவு" என்றாள். பிளாட்பாரத்தில் ஒவ்வொரு கதவு நிற்கும் இடத்துக்கும் நம்பர் போட்டிருக்கிறது. அங்கே வாழ்கிறவர்களுக்கு அது தானாகக் கண்ணில் படுமாம். மாம்பலம் ஸ்டேஷனில் ரயில் எந்த பிளாட்பாரத்துக்கு வரும் என்பதே நமக்குக் கடைசி நிமிஷத்தில்தான் தெரியும்.

விவரமெல்லாம் எழுதிக்கொண்டார். குடைக்கு அடையாளம் கேட்டார். உள்பக்கம் இரண்டு எழுத்து என்றேன். காகிதத்தை நீட்டினார். 'கு.ரா.' என்று பெரிதாக எழுதினேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் தலைகீழாகவும் பார்த்துவிட்டுப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

எனக்கு ஒரு யோசனை உதித்தது. ரயில் வட்டமாகத்தானே சுற்றுகிறது? ஒரு மணி நேரம் கழித்து அதே ரயில், அதே பெட்டி, அதே கதவு இங்கேயே வந்து நிற்குமே! மகள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் செல்போனில் கணக்குப் பார்த்தாள். "சுமார் பன்னிரண்டு பத்துக்கு வரும். முன்னப்பின்ன ரெண்டு ரயிலையும் பார்த்துடலாம்" என்றாள். நாலாம் பெட்டி, மூணாம் கதவு என்று எழுதிய இடத்தில் மூன்று பேரும் குடும்ப சமேதராக நின்றோம். நாலைந்து நிமிஷத்துக்கு ஒரு ரயில் வந்து வந்து போயிற்று.

அப்படி நின்றபோதுதான் என் மனைவி கேட்டேவிட்டாள். சுற்றி வளைக்கவில்லை.

"ஏண்டீ, நீ எப்போ திரும்பி வரப்போறே?"

மகள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே, "இங்கேயே நிரந்தரமா தங்கறதுக்கு அப்ளிகேஷன் போட்டிருக்கேம்மா" என்றாள். "ரெண்டு மாசம் ஆச்சு. நீங்க வந்ததும் சொல்லணும்னுதான் இருந்தேன். தினமும் தள்ளிப்போயிடுச்சு."

ஆக, எங்கள் வீட்டில் மூன்று வாரமாக இரண்டு பேர் 'நாளைக்கு', 'நாளைக்கு' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஒரு ரயில் வந்தது, போனது. இன்னொன்று வந்தது, போனது. நான் விளம்பரப் பலகையைப் படிக்கிற மாதிரி நின்றேன். ஜப்பானிய எழுத்து ஒன்றுகூட எனக்குத் தெரியாது. மனைவி கைப்பையைத் திறந்தாள், மூடினாள். அழப்போகிறாளோ என்று பயந்தேன்.

"அப்ளிகேஷன்ல அம்மா, அப்பா விவரமெல்லாம் கேட்டிருந்தானா?" என்றாள் கடைசியில்.

"கேட்டிருந்தாங்கம்மா."

"நம்ம அட்ரஸ் சரியா எழுதினியா?"

"ம்."

"பின்கோடு?"

"எழுதினேம்மா."

"சரி" என்றாள். மகளின் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. போஸ்ட் ஆபீஸ்காரர் வீட்டு மருமகள் அல்லவா, பின்கோடு இருந்தால் எதுவும் வழிதவறாது என்று நம்புகிறவள்.

பன்னிரண்டு பத்துக்கு அந்த ரயில் வந்தது. கதவு திறந்ததும் தலையை மட்டும் உள்ளே நீட்டினேன். பயணிகள் யாரும் ஆச்சரியத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. கம்பியில் குடை இல்லை. யாரோ எடுத்து ஸ்டேஷனில் ஒப்படைத்திருக்க வேண்டும். நம்மூரில் யாராவது எடுத்துப்போனால் குடை கிடைக்காது. அங்கே யாரோ எடுத்துக்கொடுத்துவிட்டதால் அப்போது கிடைக்கவில்லை.

அன்று ராத்திரி என்னைத் தேற்றுவதற்காக மகள் ஒரு கதை சொன்னாள். வீட்டுச் சாமான்களுக்கு நூறு வயசானால் உயிர் வந்துவிடும் என்று ஜப்பானில் ஒரு நம்பிக்கை உண்டாம். குடைக்குக்கூட ஒரு பூதம் இருக்கிறது. ஒற்றைக் கண், ஒற்றைக் கால், நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு தத்தித் தத்தி வருமாம்.

"மாமனார் குடைக்கு இன்னும் அறுபதாம் கல்யாணமே ஆகலை" என்றாள் மனைவி. "அது நடந்து வராது. நாமதான் போய்க் கூட்டிட்டு வரணும்."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு போன் வந்தது. குடை உஎனோ ஸ்டேஷனில் இருக்கிறது!

டோக்கியோவில் தொலைகிற சாமான்களின் கணக்கைக் கேட்டால் தலை சுற்றும். 2019-ல் மட்டும் டோக்கியோ போலீஸிடம் வந்து சேர்ந்தவை 40 லட்சத்துக்கு மேல். இதாபாஷியில் இதற்கென்றே போலீஸ் ஒரு தனி ஆபீஸ் வைத்திருக்கிறது. ரயிலில் கிடைப்பதும் சில நாளில் அங்கேதான் போய்ச் சேரும். வருஷத்துக்குக் குடைகளே மூன்று லட்சத்தை ஒட்டி வருமாம். அதைத் தேடி வருகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற கணக்கில்தான். கடையில் ஐந்நூறு, அறுநூறு யென்னுக்குப் புதுசு கிடைக்கும்போது யார் மெனக்கெடுவார்கள்?

நாங்கள் மெனக்கெட்டோம். உஎனோ ஆபீஸில் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் உள்ளே போய், ஒரு தள்ளுவண்டியோடு வந்தார். அதில் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் குடைகள் கத்தை கத்தையாக, எல்லாம் அச்சில் வார்த்தாற்போல் ஒரே மாதிரி. நடுவில் எங்கள் மரக்கைப்பிடி, வெள்ளைக்காரர் கூட்டத்தில் மாயவரத்துப் பெரியவர் நிற்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தது.

பார்த்ததும் கையை நீட்டினேன். அவர் தரவில்லை. மறுபடி ஒருமுறை எழுத்தை எழுதச் சொன்னார். எழுதினேன். குடையை விரித்து, என் 'கு'வையும் குடையின் 'கு'வையும் விரலால் ஒவ்வொரு வளைவாகத் தடவிப் பார்த்தார். பிறகு 'ரா'. பிறகு இரண்டு புள்ளி. எனக்குப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்து நோட்டைத் திருத்திய வாத்தியார்கூட இவ்வளவு சிரத்தையாகப் பார்த்ததில்லை. திருப்தியானதும், இது எந்த ஊர் எழுத்து என்று கேட்டார். தமிழ் என்றாள் மகள். அவர் முகம் மலர்ந்தது. "முத்து! ஒதோரு மகராஜா!" என்றார்.

1998-ல் ஷிபுயாவில் ஒரு தியேட்டரில் ரஜினியின் 'முத்து' மாதக்கணக்கில் ஓடியதே, அந்தப் படத்துக்கு அங்கே வைத்த பெயர் 'ஆடும் மகாராஜா'. அந்தத் தியேட்டரை 2016-ல் மூடிவிட்டார்கள். மனிதர் மறக்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் குடையை வாங்கிக்கொண்டேன். தலைவர் துணையிருக்க, தமிழனுக்கு எங்கேயும் குடை கிடைக்கும்.

வெளியே வரும்போது ஜப்பான் சட்டத்தை மகள் விளக்கினாள். கண்டெடுத்த பொருளைப் போலீஸில் கொடுத்தால், சொந்தக்காரர் வந்து வாங்கும்போது மதிப்பில் நூற்றுக்கு ஐந்திலிருந்து இருபது வரை வெகுமதி கேட்கலாம். மூன்று மாதத்துக்குள் யாரும் வராவிட்டால் அநேகமாகப் பொருள் கண்டெடுத்தவருக்கே. 2007-க்கு முன் இது ஆறு மாதமாக இருந்தது. குடை, துணிமணி மாதிரியான சாமான்களை இரண்டே வாரத்தில் விற்றுக்கூட விடலாம்.

"அவ்வளவுதானா குடைக்கு மரியாதை?" என்றாள் மனைவி.

உஎனோவிலேயே ரயில் பாதை ஓரமாக அமெயோகோ சந்தை இருக்கிறது. யுத்தம் முடிந்ததும் கறுப்புச் சந்தையாக ஆரம்பித்த இடம். அங்கே கொஞ்சம் பேரம் படியும் என்று கேள்விப்பட்டதும் மனைவிக்குப் புது ரத்தம் பாய்ந்தது. மூன்று வாரமாக விலைச் சீட்டைப் பார்த்து அப்படியே பணம் கொடுத்துக் கொடுத்து அவள் நொந்துபோயிருந்தாள். முந்திரி விற்கிறவரிடம் அவள் தமிழிலும் அவர் ஜப்பானியத்திலும் பத்து நிமிஷம் பேசினார்கள். கடைசியில் அவர் விலையைக் குறைக்கவில்லை, ஒரு பிடி கூடுதலாகப் போட்டார். "கொசுறு!" என்று வெற்றிக்களையோடு திரும்பினாள். ஜப்பானுக்கு முந்திரி விளைகிற ஊரிலிருந்து வந்து முந்திரி வாங்கினோம் என்பதை நான் சொல்லவில்லை.

சனிக்கிழமை பெட்டி கட்டுகிற நாள். எடை பார்க்கிற மெஷின் மீது முதலில் நான் தனியாக ஏறினேன், பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். கழித்துப் பார்த்தால் இரண்டு கிலோ அதிகம். எதை எடுப்பது என்பதில் காரசாரமான விவாதம். என் புத்தகங்கள் வெளியே வந்தன. முட்டை நறுக்கி உள்ளேயே இருந்தது.

பாக்கி இருந்தது ரயில் கார்டு. சுயிகா என்று பெயர். திருப்பிக் கொடுத்தால் முன்பணம் 500 யென் திரும்ப வரும். உள்ளே பாக்கி இருந்தால் அதில் 220 யென் பிடித்துக்கொள்வார்கள். பேங்க்கில் வேலை பார்த்தவன் 220 யென்னை விடுவேனா? தெருவில் இருந்த மெஷின்களில் எல்லாம் காப்பி, டீ என்று வாங்கிக் குடித்து பாக்கியைத் தீர்த்தேன். கடைசியில் 37 யென் நின்றது. அதற்கு எதுவும் வராது. ராத்திரி காப்பி மகிமையில் தூக்கமும் வரவில்லை.

தூங்காத இன்னொருத்தி பக்கத்தில் இருந்தாள். "என்னங்க, நாம பயந்த மாதிரி இல்லை, பார்த்தீங்களா?" என்றாள் இருட்டில். "தெரியாம இருந்தப்போதான் கஷ்டமா இருந்தது. அவ நல்லா இருக்கா. கதவு நம்பர்லாம்கூட தெரியுது அவளுக்கு."

ஞாயிறு காலை நல்ல மழை. நிஷிகசாய் ஸ்டேஷன் வரை அப்பாவின் குடையை மகள்தான் பிடித்து வந்தாள், அம்மாவை உள்ளே இழுத்துக்கொண்டு. நான் பின்னால் ஒரு பிளாஸ்டிக் குடையில் நனைந்துகொண்டே போனேன். நரிதா விமான நிலையத்தில் உள்ளே போகிற இடத்தில் குடையை என்னிடம் நீட்டினாள்.

"நீயே வெச்சுக்கோம்மா" என்றேன்.

"தாத்தா குடைப்பா!"

"அதனாலதான். இங்க நல்ல மழை பெய்யுது. நான் வந்து வாங்கிக்கறேன்."

"எப்போ?"

"மூணு மாசத்துக்குள்ள. இல்லேன்னா சட்டப்படி உனக்குச் சொந்தமாயிடுமே."

மகள் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் சிரித்தாள். அதற்குள் என் மனைவி நடுவில் புகுந்தாள்.

"மூணு மாசமெல்லாம் கிடையாது. குடைக்கு ரெண்டே வாரம்தான்னு இவளே சொன்னா. தீபாவளிக்கு நீயே எடுத்துட்டு வந்துடு. அங்கேயும் அப்போ மழைதான்."

"வரேம்மா" என்றாள்.

நேற்று இங்கே திடீரென்று ஒரு மழை. காய் வாங்கப் போனவன் தொப்பலாக நனைந்து வந்தேன். புதுக் குடை வாங்கலாமா என்று கேட்டேன். "தீபாவளி வரைக்கும் பொறுங்க" என்று துண்டை நீட்டினாள் மனைவி.